பெட்ரோல் கார் மிஸ்ஃபயர்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

"வண்டி மிஸ்ஸிங் அடிக்குது, கொஞ்சம் என்னன்னு சொல்லேன்" என்று சொந்தக்காரர்களும் குடியிருப்பில் இருப்பவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் மேலும் அதன் பொறிக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும் 3 அல்லது 4 சிலிண்டர் பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. டீசலுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

மிஸ்ஃபயர்னா என்னங்க? வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு?

ஓடும். ஆனால் ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் கூடவே வந்துகொண்டிருக்கும். காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் உள்ளே போய், பிஸ்டன் அதை அழுத்தி, சரியான நேரத்தில் பிளக் பொறி விட்டால்தான் அந்தச் சிலிண்டர் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) தள்ளும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சுற்றில் தள்ளல் கிடையாது. நாலு பேர் தூக்கும் சப்பரத்தில் ஒருவர் தோளை உருவிக்கொண்ட மாதிரி, சப்பரம் நகரும், கோணிக்கொண்டு நகரும்.

4 சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 180 டிகிரி சுற்றுவதற்கு ஒரு தள்ளல் வர வேண்டும், 3 சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்று. கிராங்க் சென்சார் மூலம் இசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, இதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். தள்ளல் வர வேண்டிய இடத்தில் வேகம் கொஞ்சம் தொய்ந்தால் அது எந்தச் சிலிண்டரின் முறை என்று பார்த்து எழுதிவைத்துவிடும். எந்தச் சிலிண்டர் தள்ளவில்லை என்பதுதான் அதற்குத் தெரியும், ஏன் தள்ளவில்லை என்பது தெரியாது. இதை மறந்துவிடுவதால்தான் பல பேர் தேவையில்லாமல் பாகங்கள் வாங்குகிறார்கள்.

அண்ணா, என்னோடது 3 சிலிண்டர் வண்டி. சிக்னல்ல நின்னா குலுங்குது. எல்லா 3 சிலிண்டரும் அப்படித்தான்னு சொல்றாங்களே?

3 சிலிண்டர் எஞ்சினில் இயல்பாகவே கொஞ்சம் அதிர்வு உண்டு, ஏசி போட்டு நின்றால் ஸ்டியரிங்கில் தெரியும். ஆனால் அது ஒரே சீராக இருக்கும். மிஸ்ஃபயர் சீராக இருக்காது. டக், டக்கென்று நடுவில் ஒரு அடி விழும், சைலன்ஸர் முனைக்குப் பின்னால் தொடாமல் கையைக் காட்டிப் பார்த்தால் புகை 'புஃப்... புஃப்' என்று விட்டுவிட்டு வரும், ஆர்பிஎம் முள்ளும் லேசாக ஆடும். எரியாத பெட்ரோல் வாசனையும் வரலாம்.

இன்னொரு ஆள் குழப்பிவிடுவார்: எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங். ரப்பர் போய்விட்டால் வண்டி நன்றாகவே குலுங்கும், ஆனால் பிக்கப் குறையாது, கோடும் (இசியூ பதிந்துவைக்கும் பழுது எண், code) வராது. டிரைவில் போட்டு பிரேக் மிதித்து நிற்கும்போது மட்டும் அதிகமாகவும் நியூட்ரலில் குறைவாகவும் குலுங்கும் ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் முதலில் மவுண்டிங்கைப் பாருங்கள்.

செக் எஞ்சின் லைட் மினுக்கி மினுக்கி எரியுது. இன்னும் 200 கிலோமீட்டர்தான், ஊர் போய்ச் சேர்ந்துட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். லைட் நிலையாக எரிந்தால் பழுது பதிவாகியிருக்கிறது, மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். மினுக்கினால் இப்போது இந்த நிமிடம் நடக்கும் மிஸ்ஃபயர், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கிறது என்று அர்த்தம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே போய் கன்வெர்ட்டருக்குள் எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு அதிகச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டியது பல ஆயிரங்களுக்குப் போகும் இடம் இதுதான்.

ஆக்சிலேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மினுக்கல் நின்று நிலையாக எரிந்தால், மிதிக்காமல் பக்கத்து ஊர் வரை போகலாம். நிற்கவில்லை என்றால் ஓரம் கட்டி வண்டியை ஏற்றிக்கொண்டு போவதுதான் மலிவு.

ஸ்கேன் போட்டா பி0302ன்னு வருது. அப்படின்னா?

கடைசி எண்தான் சிலிண்டர். பி0301 என்றால் 1, பி0302 என்றால் 2, இப்படியே. பி0300 என்றால் பல சிலிண்டர்களில், அல்லது எதில் என்று உறுதியாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர். அதற்குப் போகும் வழி வேறு, கீழே வருகிறேன். ஒன்றாம் நம்பர் சிலிண்டர் பொதுவாக பெல்ட் ஓடும் பக்கம், கடைசி நம்பர் கியர்பாக்ஸ் பக்கம். ரெனோவின் பல எஞ்சின்களில் இது தலைகீழ், கியர்பாக்ஸ் பக்கமே 1. உங்கள் வண்டியில் எது என்று உறுதி செய்துகொள்ளாமல் காயிலைக் கழற்றினால் நல்ல சிலிண்டரை நோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

கூடவே வேறு கோடுகள் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பி0352 இருந்தால் இரண்டாவது காயிலின் மின்சுற்றில் பிரச்சினை, பி0202 என்றால் இரண்டாவது இன்ஜெக்டரின் (பெட்ரோல் தெளிக்கும் பாகம்) சுற்றில். பி0171 இருந்தால் கலவையில் காற்று அதிகம். மிஸ்ஃபயர் கோடை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைப் படிக்காமல் அழித்துவிடும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். போனில் புளூடூத்தில் இணைந்து இந்தக் கோடுகளைப் படிக்கும் சின்ன ஓபிடி ஸ்கேனர் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது, இதற்கெல்லாம் அதுவே போதும்.

மெக்கானிக் 4 காயில், 4 பிளக், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங் எல்லாம் சேர்த்துப் பண்ணிடலாங்கறார். பண்ணிடலாமா சார்?

முதலில் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அப்புறம் வாங்குங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பி0302 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2ஆம் சிலிண்டர் காயிலை 3க்கும், 3இன் காயிலை 2க்கும் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு, முன்பு எப்படி ஓட்டும்போது பிரச்சினை வந்ததோ அதேபோல் ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, ஒரு காயில் வாங்கினால் போதும். மறுபடி பி0302 வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை அதேபோல் மாற்றிப் போடுங்கள். அதுவும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டரை மாற்றிப் போடலாம், ஆனால் அதற்கு ஃபியூவல் ரெயிலை (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) கழற்ற வேண்டும், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் புதிதாகப் போட வேண்டும், அதனால் மின்சுற்றைச் சோதித்துவிட்டுப் போவது நல்லது.

காயிலையும் பிளக்கையும் மாற்றிப் போட்டுப் பார்க்கச் செலவு பூஜ்யம், அரை மணி நேர வேலை. மொத்தமாக எல்லாவற்றையும் மாற்றினால் வண்டி சரியாகலாம், எது கெட்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது. சரியாகாமல் போனால் பணமும் போய் முதல் படியிலேயே நிற்பீர்கள். பிளக் மட்டும் விதிவிலக்கு: ஆயுள் முடிந்திருந்தால் நாலையும் ஒன்றாகவே மாற்றுங்கள். சாதாரண நிக்கல் பிளக்குக்குப் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர், நல்ல இரிடியம் என்றால் ஒரு லட்சம் வரை போகும். உங்கள் கையேட்டில் போட்டிருக்கும் கணக்குதான் கடைசி வார்த்தை.

காயில், பிளக் எல்லாம் நானே கழட்டலாமா? பயமா இருக்கு.

10 மி.மீ. சாக்கெட், பிளக் சாக்கெட், நீட்டிப்பு ராடு இருந்தால் முடியும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அலுமினியம் ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். காயில் கனெக்டரின் பூட்டு வெயிலிலும் சூட்டிலும் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும், இழுக்காமல் அழுத்திக் கழற்றுங்கள். பிளக்கை எடுப்பதற்கு முன் அந்தக் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றிவிடுங்கள், இல்லையென்றால் மண்ணெல்லாம் சிலிண்டருக்குள் விழும்.

புது பிளக்கைக் கையாலேயே முதலில் திருகி உட்கார வையுங்கள். உட்கார்ந்த பிறகு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் கையேட்டில் சொன்ன அளவு, ரெஞ்ச் இல்லையென்றால் வாஷர் உள்ள புது பிளக்குக்குச் சுமார் அரைச் சுற்று. மரையில் கிரீஸ் தடவ வேண்டாம், தடவினால் அதே கை பலத்துக்கு அதிகமாக இறுகிவிடும். எஞ்சின் ஓடும்போது காயிலைத் தூக்கிப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழைய வித்தையும் வேண்டாம். அதில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது, கையையும் அடிக்கும், இசியூவையும் அடிக்கும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று ஓடும்போது பார்த்தே ஆக வேண்டும் என்றால் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். நல்ல சிலிண்டரில் கழற்றினால் எஞ்சின் இன்னும் தடுமாறும், கெட்ட சிலிண்டரில் கழற்றினால் ஒரு மாற்றமும் இருக்காது. பெட்ரோலும் கன்வெர்ட்டருக்குப் போகாது. இதற்கான கோடு ஒன்று பதிவாகும், அதை அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.

கழட்டின பிளக்கைப் பார்த்து ஏதாவது கண்டுபிடிக்க முடியுமா?

நிறைய. எல்லா பிளக்கையும் வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வைத்துவிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள், தனியாக ஒன்றைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. முனை வெளிர் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கருப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. பிசுபிசுப்பான எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கிறது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் காற்று அதிகம், அல்லது சூடு அதிகம். ஒன்று மட்டும் கழுவித் துடைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போய்க்கொண்டிருக்கலாம்.

வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய கருப்புக் கோடு இருந்தால் பொறி உள்ளே தாவாமல் வெளியே வழிந்து ஓடியிருக்கிறது. அந்தக் கோடு, பிளக்கைக் கவ்வும் காயிலின் ரப்பர் உறையிலும் (பூட்) பதிந்திருக்கும். பிளக்கை மட்டும் மாற்றினால் பழைய பூட் புது பிளக்கைக் கெடுக்கும், காயிலை மட்டும் மாற்றினால் பழைய பிளக் புது பூட்டைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும். ஆனால் பீங்கான் அடியில் உலோகத்தை ஒட்டி வளையமாகத் தெரியும் பழுப்புக் கறை சாதாரணம், அதைக் காட்டி "கேஸ் லீக்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வாட்டர் வாஷ் விட்டு வந்ததுல இருந்து மிஸ்ஸிங். அவங்க என்னமோ பண்ணிட்டாங்கன்னு நினைக்கிறேன்.

பண்ணியிருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் மேல் பிரஷர் கன்னை அடித்தால் பிளக் குழிக்குள் தண்ணீர் இறங்கி நிற்கும், பொறி அதன் வழியாக ஓடிவிடும். காயிலை எடுத்துவிட்டு, குழியைத் துணி சுற்றிய கம்பியாலும் காற்றாலும் காயவைத்து, ரப்பர் பூட்டையும் கனெக்டரையும் உலர்த்திப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிளக்கைக் கழற்றுவதற்கு முன் தண்ணீரை எடுங்கள், வரிசை மாறினால் அது சிலிண்டருக்குள் இறங்கும். மழையில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் வைப்பர் அடியில் இருக்கும் வடிகால் அடைத்துக்கொண்டு எஞ்சின் மேல் சொட்டுகிறதா என்று பாருங்கள். வேப்பிலைச் சருகு அடைத்துக்கொள்ளும் இடம் அது.

குழியில் நிற்பது தண்ணீர் இல்லை, எண்ணெய் என்றால் கதை வேறு: வால்வு கவர் கேஸ்கெட் அல்லது பிளக் குழாயின் சீல் போயிருக்கிறது. கேஸ்கெட்டை மாற்றாமல் காயில் மாற்றினால் சில மாதத்தில் புதுக் காயிலின் ரப்பரும் எண்ணெயில் ஊறிப்போகும்.

வெள்ளத்தில் எஞ்சினுக்குள்ளேயே தண்ணீர் போன வண்டிக்கு இந்தப் பதில் பொருந்தாது. அதை ஸ்டார்ட் செய்யவே கூடாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ரெண்டு வாரம் வண்டியை எடுக்கல. எடுத்தா ஒரு சிலிண்டர் வேலை செய்யல. நிக்க வெச்சிருந்த வண்டி எப்படிக் கெடும் தம்பி?

எலி, மாமா. பானெட்டைத் திறந்து இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) மேலேயும் பேட்டரி அடியிலும் புழுக்கை, தேங்காய் நார், துணித்துண்டு கிடக்கிறதா பாருங்கள். இன்ஜெக்டர் வயரும் காயில் வயரும் அதற்குப் பிடித்தமான இடம். வயர் முழுதாக அறுந்திருந்தால் பி0202 மாதிரி கோடு வந்து காட்டிக்கொடுத்துவிடும். பாதி கடித்து இரண்டு மூன்று இழை மட்டும் மிச்சமிருந்தால் ஒருநாள் ஓடும், ஒருநாள் ஓடாது, எல்லோரையும் பைத்தியமாக்கும். கனெக்டரில் இருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே போவதுதான் நம்பகமான சோதனை. சரிசெய்யும்போது முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடச் சொல்லுங்கள்.

மலை ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்குது, ஐடிலிங்ல கல்லு மாதிரி நிக்குது. என் தம்பி வண்டியில அதுக்கு நேர் எதிர். ரெண்டும் ஒரே வியாதியா?

இல்லை, எப்போது வருகிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். ஏற்காடு ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் சிலிண்டரில் அழுத்தம் கூடும், கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். பலவீனமான காயிலோ இடைவெளி விரிந்த பிளக்கோ அங்கேதான் கைவிடும். பெட்ரோல் போதாமல் இருந்தாலும், அதாவது பம்ப் பலவீனம், ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் அடைப்பு என்றாலும் அதிக லோடில்தான் தெரியும்.

உங்கள் தம்பி வண்டி மாதிரி ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) குலுங்கி, மிதித்தவுடன் சரியாகிவிட்டால் எங்கோ காற்றுக் கசிவு இருக்கிறது: இன்டேக் கேஸ்கெட், விரிசல் விட்ட பிசிவி ஹோஸ் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பும் குழாய்), பிரேக் பூஸ்டர் குழாய். எஞ்சின் கொஞ்சமாகக் காற்று இழுக்கும்போது கசிவின் பங்கு பெரிது, நிறைய இழுக்கும்போது அது கணக்கிலேயே வராது. வால்வு சரியாக மூடாத சிலிண்டரும் ஐடிலில்தான் அதிகம் தடுமாறும்.

காயில், பிளக் ரெண்டும் மாத்திப் போட்டாச்சு, கோடு அதே சிலிண்டர்லயே நிக்குது. அடுத்து?

பொறிப் பக்கம் சரி என்று தெரிந்துவிட்டது, இனி பார்க்க வேண்டியது பெட்ரோலும் அழுத்தமும். இன்ஜெக்டரின் மேல் நீளமான ஸ்குரூ டிரைவரை வைத்துப் பிடியைக் காதில் ஒற்றிக் கேட்டால் டிக் டிக்கென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சாதாரண போர்ட் இன்ஜெக்டரில் 12 முதல் 16 ஓம் வரை இருக்கும், முக்கியமாக எல்லா இன்ஜெக்டரும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். மின்சாரம் சரி, சத்தமும் சரி என்றால் அடைப்பாக இருக்கலாம், கழற்றி பெஞ்சில் போட்டுச் சுத்தம் செய்பவரிடம் கொடுத்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிக்கிறது என்று குழாயில் அளந்தே காட்டுவார்.

அதுவும் சரி என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. எஞ்சின் கொதிக்காமல் வெதுவெதுப்பாக, எல்லா பிளக்கும் வெளியே, இன்ஜெக்டரும் காயிலும் இணைப்பில்லாமல், ஆக்சிலேட்டர் முழுதாக மிதித்தபடி, பேட்டரி முழு சார்ஜில். பெரும்பாலான பெட்ரோல் எஞ்சினில் 150 முதல் 200 பிஎஸ்ஐக்குள் வரும், ஆனால் தனி எண்ணைவிட வித்தியாசம்தான் முக்கியம். மற்றவை 180 காட்டும்போது ஒன்று மட்டும் 110 என்றால் கேஸ் அங்கே முடிந்தது. அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே அடைக்கும் தகடு) போயிருக்கும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளாமல் ஹெட்டை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

எனக்கு பி0300 வருது. எந்த சிலிண்டர்னு எதை மாத்திப் போடறது?

மாற்றிப் போடும் வித்தை இங்கே உதவாது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். பி0171 கூட இருந்தால் முன்பு சொன்ன காற்றுக் கசிவு அல்லது பெட்ரோல் அழுத்தக் குறைவு. கசிவைப் புகை விட்டுச் சோதிப்பது பாதுகாப்பு, சூடான எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் தேடுவது தீப்பிடிக்கும் வேலை. பங்கில் பெட்ரோல் போட்ட அன்றே ஆரம்பித்தது என்றால் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துத் தெளியவிட்டுப் பாருங்கள், அடியில் தனியாகத் தண்ணீர் நிற்கலாம். பி0016 கூட இருந்தால் வால்வுகளைக் கிராங்கோடு சேர்த்து ஓட்டும் டைமிங் செயின் நீண்டுவிட்டது அல்லது பல் தாண்டியிருக்கிறது, அதிகம் ஓட்டாமல் பாருங்கள்.

எல்லாத்துக்கும் இந்த இ20 பெட்ரோல்தான் காரணம்னு சொல்றாங்களே?

எல்லாவற்றுக்கும் இல்லை, சிலவற்றுக்கு உண்டு. இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும், அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். வெளியேறும் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியூ இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து சமாளிக்கும். ஏற்கெனவே கொஞ்சம் காற்றுக் கசிவும் அழுக்கு இன்ஜெக்டரும் இருக்கும் பழைய வண்டியில் அந்தச் சமாளிப்பு எல்லையைத் தொட்டுவிடும், அப்போது தடுமாறும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பல வாரம் கால் டேங்கோடு நிற்கும் வண்டிக்கு நல்லதில்லை. ஆனால் ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் கோடு வருகிறது என்றால் பெட்ரோலைத் திட்டிப் பயனில்லை, நாலு சிலிண்டரும் அதே டேங்கில்தான் குடிக்கின்றன.

பெட்ரோல்ல நல்லா ஓடுது, சிஎன்ஜிக்கு மாத்தினா மட்டும் மிஸ்ஸிங். கிட் போச்சா?

கிட்டைக் குறை சொல்வதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். கேஸில் பொறி தாவ அதிக வோல்ட்டேஜ் வேண்டும், அதனால் பெட்ரோலில் மறைந்திருக்கும் காயில், பிளக் பலவீனம் சிஎன்ஜியில் வெளியே வரும். சிஎன்ஜி வண்டிக்குப் பிளக் மாற்றும் இடைவெளியும் குறைவுதான். அது சரியாக இருந்தால் கேஸ் ஃபில்டர், ரெகுலேட்டர் அழுத்தம், கேஸ் இன்ஜெக்டர் என்று போங்கள்.

பல வருடம் கேஸில் ஓடிய வண்டி, எஞ்சின் சூடானபின் ஐடிலில் இரண்டு எரிபொருளிலும் தடுமாறினால் டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் இருப்பது) அளக்கச் சொல்லுங்கள். கேஸில் வால்வு இருக்கை சீக்கிரம் தேயும், தேய்ந்தால் இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாது. இதைச் சீக்கிரம் கவனித்தால் சரிசெய்துவிடலாம், விட்டால் வால்வு எரிந்துவிடும்.

காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் ஒரு நிமிஷம் தடுமாறும், அப்புறம் நாள் முழுக்க சூப்பர். விட்டுடலாமா?

கூலன்ட் அளவைக் குறித்துவைத்து ஒரு வாரம் பாருங்கள். வெளியே சொட்டாமலேயே குறைந்துகொண்டு, முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகையும் வந்தால் இரவில் ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் கசிகிறது. மேலே சொன்ன 'பளிச்' பிளக் இதை உறுதி செய்யும். கூலன்ட் குறையவில்லை, நீலப்புகை என்றால் வால்வு சீல், அது அவசரம் இல்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் டர்போ வண்டி என்றால் இன்டேக் வால்வில் படியும் கரியும் இதே மாதிரி செய்யும். அதைச் சுத்தம் செய்ய மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும், டேங்கில் ஊற்றும் திரவம் அந்த வால்வைத் தொடவே தொடாது.

டீசல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஸ்பார்க் பிளக்கும் காயிலும் கிடையாது என்பதால் பாதி பொருந்தாது. டீசலில் ஒரு சிலிண்டர் தடுமாறினால் முதல் சந்தேகம் இன்ஜெக்டர். திரும்பி வரும் டீசலைச் சின்னக் குப்பிகளில் பிடித்து ஒப்பிடும் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், ஒன்று மட்டும் அதிகம் திருப்பிவிட்டால் அதுதான். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் உடம்பில் இருக்கும் குறியீட்டு எண்ணை இசியூவில் பதிய வேண்டிய வண்டிகள் நிறைய. பதியாமல் விட்டுவிட்டு "செட் ஆகும் சார்" என்றால் செட் ஆகாது.

புதுப்பேட்டையில பழைய காயில் பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா?

சோதனைக்கு வாங்கலாம், நிரந்தரமாகப் போட மாட்டேன். கெட்ட காயில் பெரும்பாலும் சூடானபின்தான் மக்கர் செய்யும், கடையில் அதைச் சோதித்துத் தர முடியாது. பிளக்கில் மட்டும் பேரமே வேண்டாம், பெட்டியும் முத்திரையும் அச்சு அசலாக வரும் போலிகள் உண்டு. தெரிந்த ஸ்பேர்ஸ் கடையில் பில்லோடு வாங்குங்கள்.

மிஸ்ஃபயர் சரியாயிடுச்சு, வண்டி பறக்குது. ஒரு மாசம் கழிச்சு பி0420 வருது. கன்வெர்ட்டர் போச்சா?

போயிருக்கலாம். பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் குறைவு என்று அர்த்தம், ஆனால் அந்தக் கோடை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். மிஸ்ஃபயர் இருந்தபோது ஓட்டிய ஓட்டத்தில் அதன் திறன் குறைந்திருக்கும், அல்லது பின்பக்க ஆக்சிஜன் சென்சாரில் கரி ஏறியிருக்கும், அல்லது சைலன்ஸர் இணைப்பில் காற்று புகுந்துகொண்டிருக்கும். இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கோடை அழித்து, நெடுஞ்சாலையில் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்தால், ஸ்கேனரில் பின் சென்சாரின் வரைபடத்தைத் திறந்து வையுங்கள். எஞ்சின் சூடாகி ஒரே வேகத்தில் நிற்கும்போது அது ஏறக்குறைய நேர்கோடாக இருக்க வேண்டும். முன் சென்சாரோடு சேர்ந்து அதுவும் மேலும் கீழும் குதித்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை. பிக்கப்பும் குறைந்து, ஆர்பிஎம் மேலே ஏற மறுத்தால் உள்ளே உருகி அடைத்திருக்கிறது, அப்போது மாற்றியே ஆக வேண்டும். உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், பி0420 அதற்கும் வரும், புகைச் சான்றிதழுக்குப் போனாலும் மாட்டிக்கொள்வீர்கள்.